துறையூருக்கு ஒரு ஸ்வெட்டர்

இலங்கைக்கு எதற்குப் போனாய் என்று கேட்பவர்களிடம் தேயிலைத் தோட்டம் பார்க்கப் போனேன் என்றுதான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. துறையூர் ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கிற ஒருவன் இலையைப் பார்க்கவா கடல் தாண்டிப் போவான்? பெண் விஷயமாகப் போனேன். பெண் கேட்க என்றுகூடச் சொல்ல முடியாது. அழைத்து வரத்தான் போனேன்.

என் அக்கா தங்கம் கல்யாணமாகி இலங்கைக்குக் கப்பலேறியபோது நான் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அத்தான் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க். அவர்களுக்குக் கமலா பிறந்ததும், "பொண்ணு என் தம்பிக்குத்தான்" என்று அக்கா ஊருக்கு வந்தவர்களிடம் சொல்லி அனுப்பினாள். எங்கள் பக்கத்தில் அக்காள் மகள் தாய்மாமனுக்கு உரிமை. அவனாக வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் வெளியாள் வாய் திறக்க முடியும். நான் முப்பதைத் தாண்டி இரண்டு வருஷமாகியும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. கடைசியில் அம்மாதான் பொறுமை இழந்தாள்.

"போறப்ப ஒத்தையாப் போ. வர்றப்ப ரெண்டு பேரா வா" என்று சொல்லி முறுக்கு டின்னைக் கையில் கொடுத்தாள்.

முறுக்கு இலங்கை போய்ச் சேர்ந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் நான்தான் முழுதாகப் போய்ச் சேரவில்லை. ஏறிய கொஞ்ச நேரத்தில் கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தவன், மறுகரை வந்த பிறகே நிமிர்ந்தேன். பக்கத்தில் இருந்த வியாபாரி ஒருவர், "முதல் தடவையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காலை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

தோட்டத்தில் முதல் நாள் விடிவதற்கு முன் தப்புச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் தப்பு அடித்தால் ஒரே காரணம்தான். போர்வையைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய், "யாருக்கா போயிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அக்காவுக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. "யாரும் போகலடா. பெரட்டுக்கு ஆளக் கூப்புடுறாங்க. இங்க தெனமும் அடிப்பாங்க" என்றாள். பெரட்டு என்றால் காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பேர் வாசித்து வேலைக்குப் பிரித்து அனுப்புவது. அக்காவின் வீட்டுக்குக் கீழே லயங்கள் இருந்தன. ஒரே கூரையின் கீழ் நீளமாக ஒட்டிக் கிடக்கும் அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். அங்கிருந்து பெண்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு பனியில் ஏறிப் போனார்கள். துரை பங்களாவில் மட்டும் விளக்கு எரியவில்லை. துரை தூங்குகிறார் என்றார் அத்தான், மரியாதையாக.

சாப்பாட்டுக்குப் பாணும், தேங்காயும் மிளகாயும் சேர்த்து இடித்த இடிசம்பலும் கொடுத்தார்கள். பாண் என்பது ரொட்டி. ரொட்டி என்று இவர்கள் சொல்வது வேறொன்று. அதைப் பிய்க்க இரண்டு கையும் ஒரு காலும் வேண்டும். தேத்தண்ணியில் சீனி போட மாட்டார்கள். உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மடக்கு. உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற ஊரில் பால் விடாத கறுப்புத் தேத்தண்ணி குடித்தபோது, எங்கள் ஊர் ஐயர் கடை டீயை நினைத்துக்கொண்டேன். இரண்டாவது நாள் அதை மறந்துவிட்டேன்.

போகிற இடமெல்லாம், "இந்தியாவுல இருந்து வந்திருக்கீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று நிமிர்ந்து சொன்னேன். கேட்டவர்களில் பாதிப் பேருக்குத் தாத்தா காலத்திலிருந்தே இந்த மலைதான் ஊர். அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று இரண்டு அரசாங்கங்களும் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தன. இரண்டு வாரத்துக்கு வந்த எனக்கு மட்டும் நான் யார் என்பதில் சந்தேகமில்லை.

கமலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரம், அமைதி, இருபத்தொரு வயது. கையில் எப்போதும் இரண்டு ஊசியும் பச்சை நூலுமாக ஒரு ஸ்வெட்டர். "வாங்க மாமா", "சாப்பிடுங்க மாமா", "குளிருதா மாமா" என்று மூன்று வாக்கியங்களை மாற்றி மாற்றிச் சொன்னாள். கூச்சம் என்று நானாக முடிவு செய்தேன். கல்யாணப் பேச்சை எடுத்தால் அக்கா அடுப்பை ஊதப் போய்விடுவாள். அத்தான், "பேசிக்கலாம் மாப்ள, என்ன அவசரம்" என்று செய்தித்தாளை விரித்துக்கொள்வார். அது முந்தின வாரத்துச் செய்தித்தாள்.

எனக்குத் துணையாக அத்தான் ஓர் ஆளை ஏற்பாடு செய்தார். பெயர் நடேசன். தோட்டத்துத் தேயிலை ஆலையில், அதாவது இவர்கள் ஸ்டோர் என்று சொல்கிற இடத்தில், மேற்பார்வை வேலை. அவருடைய அப்பா முசிறிப் பக்கத்திலிருந்து வந்தவராம். பார்த்தவுடன் ஒருவரின் அளவைச் சொல்வது என் தொழில். தோள், மார்பு, கை நீளம் மூன்றும் என் அளவேதான். அன்று அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஸ்டோரை அவர் எனக்குச் சுற்றிக் காட்டினார். இலை அரைக்கும் இயந்திரம், புளிக்க வைக்கும் இடம், காயவைக்கும் அடுப்பு எல்லாவற்றையும் பிள்ளையைக் காட்டுவதுபோல் காட்டினார். கொழுந்து வாட்டுகிற மேல் மாடிக்குப் படி வந்ததும் நின்றார். "நீங்க ஏறிப் பாத்துட்டு வாங்க. நா இங்க நிக்கிறேன்" என்றார். மேலே போய்ச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மலைச்சரிவு முழுக்கத் தெரிந்தது. கீழே நடேசன் தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வந்த சாக்கில் குடும்பத்தோடு கடல் பார்க்கப் போவதென்று அத்தான் அறிவித்தார். கமலா கடலையே பார்த்ததில்லையாம். தீவில் பிறந்து வளர்ந்தவள் கடல் பார்த்ததில்லை என்பது எனக்கு விநோதமாக இருந்தது. ஒரு தடவை கடல் தாண்டிய அனுபவம் உள்ளவன் என்ற முறையில் அலை, ஆழம், திமிங்கிலம் ஆகியவற்றைப் பற்றி எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன்.

தலவாக்கலையில் கோச்சி ஏறினோம். ரயிலுக்கு அங்கே அதுதான் பெயர். விசில் ஊதியதும் பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் சன்னலை மூடினார்கள். இயற்கையை ரசிக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்து நான் மட்டும் தலையை வெளியே நீட்டினேன். உடனே குகை வந்தது. குகையை விட்டு வெளியே வந்தபோது பெட்டியே என்னைப் பார்த்தது. கமலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் எனக்காகச் சிரித்த முதல் சிரிப்பு அது. கரி பூசிய முகத்தோடு நான் சந்தோஷப்பட்டேன்.

கொழும்புக்குப் பக்கத்துக் கல்கிசைக் கடற்கரையில் வெயில் கொளுத்தியது. எங்கள் கூட்டம் மணலில் இறங்கியதும் அங்கே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காரணம் இருந்தது. மலைநாட்டார் வீட்டை விட்டு வெளியே கிளம்பினால் குளிருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். போகிற இடம் எதுவென்று கேட்க மாட்டார்கள். அத்தான் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். அக்காவின் காதைச் சுற்றி மப்ளர். இரண்டு குடை, மூன்று கம்பளி, சுடச்சுடத் தேத்தண்ணி நிரப்பிய பிளாஸ்க். "கடலுன்னா காத்து இருக்கும்ல மாப்ள" என்றார் அத்தான், வியர்வையைத் துடைத்தபடி. கோட்டைக் கழற்றச் சொன்னேன். கொழும்பில் கோட்டில்லாமல் எப்படி இருப்பது என்று கேட்டார்.

இறால் வடை விற்றவனிடம் ஆளுக்கொன்று வாங்கினேன். வடையின் மேல் இறால் முழுசாக மீசையோடு உட்கார்ந்திருந்தது. அக்கா இறாலைப் பிய்த்து எனக்குக் கொடுத்துவிட்டு வடையைத் தின்றாள். அவள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, இவ்வளவு தூரம் வந்து ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்க?"

"ஒரு தடவ பாத்தது போதும்டா" என்றாள். அவள் கப்பலேறிய நாளைச் சொல்கிறாள். அதற்குப் பிறகு அவள் ஊருக்கு வரவேயில்லை. அப்பா செத்ததற்கும் வரவில்லை. நான் வேறு பேச்சுக்கு மாறினேன்.

கமலா அலையில் கால் நனைத்துவிட்டு வந்து, நெருப்பாகக் காய்ந்த மணலில் உட்கார்ந்து ஸ்வெட்டரை எடுத்தாள். கொஞ்ச நேரம் பின்னினாள். பிறகு, "மாமா, செத்த எந்திரிச்சுத் திரும்பி நில்லுங்களேன்" என்றாள். நின்றேன். பச்சைத் துணி முதுகில் வந்து ஒட்டியது. தோளிலிருந்து இடுப்புவரை விரலால் அளந்தாள். கையை நீட்டச் சொன்னாள். எத்தனையோ பேரை அளந்தவன் நான். என்னை யாரும் அளந்ததில்லை. காது சூடாகிவிட்டது.

"சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"அளவு சரிங்க மாமா" என்றாள். பிறகு, "துறையூர்ல குளிர் காலம் எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"குளிரா? எங்க ஊருல மூணு காலந்தான். வெயில் காலம், வெயில் கூடுன காலம், வெயில் கொறைஞ்ச காலம்."

அவள் தலையாட்டிவிட்டுப் பின்னிக்கொண்டே இருந்தாள். குளிரே இல்லாத ஊர்க்காரனுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாளே, என்ன பிரியம் என்று உருகிப்போனேன். அந்தக் கேள்வியை அவள் எதற்குக் கேட்டாள் என்று கொஞ்சம் யோசித்திருந்தால், அடுத்த வாரம் எனக்கு முழங்கால் வலி மிச்சமாகியிருக்கும்.

தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாள் நடேசன் வந்தார். "சிவனொளிபாத மலைக்குப் போவோங்களா? இப்ப சீசனுங்க" என்றார். உச்சியில் ஒரு பாதச்சுவடு இருக்கிறது. நம்மவர்கள் சிவனுடையது என்கிறார்கள், சிங்களவர்கள் புத்தருடையது என்கிறார்கள், லிந்துலையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, முதல் மனிதர் பாவா ஆதத்துடையது என்றார். யாருடையதானாலும் பெரிய கால்.

"எத்தனை தடவை போயிருக்கீங்க?"

"அது கெடக்குதுங்க, நெறைய. பழகுன மலைதாங்க" என்றார் நடேசன். எல்லோரும் ராத்திரியில் ஏறித்தான் சூரியோதயம் பார்ப்பார்கள், நாமும் அப்படியே போவோம் என்றார். நான் ஒப்பவில்லை. கடல் தாண்டி வந்தவன் இருட்டில் ஏறி இருட்டைப் பார்ப்பதா? பகலில்தான் ஏறுவேன், எல்லாவற்றையும் பார்ப்பேன் என்று அடம்பிடித்தேன். நடேசன் முகம் சுருங்கியது. "சரிங்க, ஒங்க விருப்பம்" என்றார்.

அட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போன பஸ், வழியில் புகை விட்டு நின்றது. டிரைவர் இறங்கி ஓடைத் தண்ணீரை அள்ளி ஊற்றினார். பிறகு பயணிகளும் அள்ளி ஊற்றினார்கள். கடைசியில் தள்ளவும் செய்தோம். மலையேறும் முன்பே மலையேற்றம் தொடங்கிவிட்டது.

அடிவாரத்தில் முதல் தடவை ஏறுகிறவர்கள் தலையில் வெள்ளைத் துணி கட்ட வேண்டுமாம். எனக்கு ஒன்று கட்டிவிட்டு நடேசனும் ஒன்று கட்டிக்கொண்டார்.

"உங்களுக்கு எதுக்கு?"

"ஒங்களுக்குத் தொணையாங்க."

நல்ல மனிதர் என்று நினைத்தேன். வழியில் ஓரிடத்தில் முதல் தடவைக்காரர்கள் ஊசியில் நூல் கோத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அங்கேயும் எனக்குத் துணையாக ஊசி போட்டார்.

இந்த மலையில் ஏறுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக் கூடாது. கால் வலிக்கிறது என்று சொல்லக் கூடாது. யாரையும் ஏசக் கூடாது, கோபப்படக் கூடாது. மீறினால் மலை பொறுக்காதாம். எனக்கோ கொஞ்ச தூரத்திலேயே இவற்றைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. இறங்கி வந்த சிங்களப் பெண்கள் "கருணாவாய்" என்று கருணையோடு வாழ்த்திப் போனார்கள். நான் மூச்சுவிட்டுப் பதில் சொன்னேன்.

உயரம் ஏற ஏறக் காற்று எலும்பில் குத்தியது. நான் துணையாகக் கொண்டுவந்தது ஒரு துண்டு. ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தபோது நடேசன் பையைத் திறந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார். பச்சை ஸ்வெட்டர். தோள் அளவு சரி, மார்பு சரி, கை நீளமும் சரி. கல்கிசை மணலில் என் முதுகில் ஒட்டி நின்ற அதே துணி.

குவளை என் கையிலேயே இருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததை வாய்விட்டுச் சொல்ல முடியாத ஓர் இடத்தில் இருக்கிறேன் என்பதும் சேர்ந்தே புரிந்தது. சுற்றி நூறு பேர் சாந்தமாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"குளிருதுங்களா?" என்றார் நடேசன், என் கண்ணைப் பார்க்காமல்.

"இல்லை" என்றேன். பல் கிடுகிடுத்தது.

கடைசிப் படிகள் ஏணியைப்போல நிமிர்ந்து நின்றன. பக்கத்தில் இரும்புச் சங்கிலி. ஓரத்தில் ஒன்றுமில்லை, மேகம்தான். நான் கோபத்தின் பலத்தில் ஏறினேன். திரும்பிப் பார்த்தால், பழகுன மலைக்காரர் இரண்டு கையாலும் சங்கிலியைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, காலால் ஒவ்வொரு படியாகத் தடவி வந்துகொண்டிருந்தார். உதடு எதையோ முணுமுணுத்தது.

உச்சியில் மணி ஒன்று கட்டியிருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் மணி கண்டால் கை ஓயும்வரை அடிப்போம். இருந்த கோபத்தையெல்லாம் மணியில் காட்டினேன். ஒரு சிங்களக் கிழவி பயபக்தியோடு என்னை வணங்கி ஒரு துண்டுக் கருப்பட்டியைக் கையில் வைத்தாள். ஏதோ சொன்னாள்.

நடேசன் கண்ணைத் திறக்காமலே மொழிபெயர்த்தார். "இந்தச் சின்ன வயசுல இத்தன தடவ வந்திருக்கீங்களே, புண்ணியவான்னு சொல்றாங்க. எத்தன தடவ மல ஏறுனமோ அத்தன தடவதாங்க மணி அடிக்கணும்."

கருப்பட்டியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். கிழவி வாங்கவில்லை. "இப்ப நீங்க அடிங்க" என்றேன் நடேசனிடம், கொஞ்சம் குரூரமாக.

அவர் தடவித் தடவி வந்து கயிற்றைப் பிடித்தார். ஒரு தடவை அடித்தார். கயிற்றை விட்டுவிட்டார்.

"அவ்வளவுதானா? நெறைய தடவைன்னீங்க?"

"இங்க பொய் சொல்ல முடியாதுங்க" என்றார். "எனக்கு ஒசரம்னா ஆகாதுங்க. ஸ்டோர் மாடிக்கே ஏற மாட்டேன். ராத்திரியில ஏறுனா ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சேன்."

"அப்புறம் எதுக்கய்யா வந்தீங்க?"

"வேற எங்க வச்சு ஒங்ககிட்டக் கேக்குறதுங்க? நீங்க உரிமக்காரரு. தோட்டத்துல வச்சுக் கேட்டா அறைஞ்சிருப்பீங்க. அறைஞ்சாலும் ஞாயந்தான். இங்கன்னா யாரும் கோவப்படக் கூடாதுங்க."

"கீழே இறங்கினதும் கோபப்படலாம் இல்லையா?"

"படலாங்க. ஆனா எறங்குறதுக்குள்ள கால் வலி வந்துரும். கோவம் வராதுன்னு கமலா சொல்லுச்சு."

எனக்கு வலித்தது. அதை மறைக்க விருப்பமில்லை. மூன்று வாக்கியம் பேசிய பெண்ணோடு மனதில் குடித்தனமே நடத்தியிருந்தேன். கரி முகத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை ராத்திரியெல்லாம் நினைத்திருந்தேன். மேகம் விலகி மேற்கே தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கடல் என்றார்கள். அதைத் தாண்டி என்னோடு வர அந்தப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. இந்த மனிதரோ பார்க்கவே பயப்படுகிற உயரத்துக்கு ஏறி வந்து என்னிடம் கேட்கிறார்.

நான் நடுங்குவதைப் பார்த்து நடேசன் ஸ்வெட்டரைக் கழற்றி என் தலை வழியாக மாட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கதகதப்பாக இருந்தது. பேசாமல் கையை நுழைத்துக்கொண்டேன்.

இறங்குவது அவருக்கு இன்னும் கஷ்டம். கீழே பார்த்தே ஆக வேண்டும். அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கையைப் பிடித்து, "இன்னொரு படி, இன்னொரு படி" என்று சொல்லிக்கொண்டே முன்னால் இறங்கினேன். பாதி தூரத்தில், "கல்யாணத்துக்கு மாமன் சீர் நான் நேர்ல கொண்டாரணுமா, அனுப்பி வச்சாப் போதுமா?" என்று கேட்டேன்.

நடேசன் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த பள்ளத்தையும் பார்த்துவிட்டார். அப்படியே படியில் உட்கார்ந்தவரை எழுப்ப நானும், கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள நின்ற இரண்டு போலீஸ்காரர்களும் தேவைப்பட்டோம்.

வீட்டில் அக்காவிடம் நானே சொன்னேன். அடுப்பை ஊதப் போகாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நாங் குடுத்த வாக்கு, நா எப்புடிடா மாத்திப் பேசுவேன்? நீயாச் சொல்லணும்னு சாமியக் கும்புட்டுக்கிட்டுக் கெடந்தேன். அந்தத் தண்ணியத் தாண்டி ஒருத்தி வந்தது போதும்டா" என்றாள். அத்தான் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

கிளம்புகிற அன்று ஸ்வெட்டரைக் கமலாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "நீங்களே வச்சுக்கங்க மாமா. அவுங்களுக்கு இன்னொண்ணு பின்னிக்கலாம். எவ்வளவோ நாள் இருக்குல்ல" என்றாள். அவள் என்னிடம் சேர்ந்தாற்போலப் பேசியது அன்றுதான்.

தனுஷ்கோடியில் சுங்க அதிகாரி பெட்டியைக் கிளறினார். தேயிலைப் பொட்டலத்தைத் தள்ளிவிட்டு ஸ்வெட்டரை விரித்துப் பார்த்தார். "எந்த ஊர்?" என்றார். துறையூர் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

ஊரில் வெயில் கூடுன காலம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற அம்மா எனக்குப் பின்னால் தெருக்கோடிவரை பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். ஒரு பாட்டம் திட்டினாள், அக்காவை, என்னை, கப்பலை. திட்டி முடித்துப் பெட்டியைத் திறந்தவள் ஸ்வெட்டரை எடுத்து, என்னைத் திருப்பி நிற்க வைத்து முதுகில் வைத்துப் பார்த்தாள்.

"அளவெடுத்தாப்புல இருக்கே! ஒனக்குன்னே பின்னியிருக்காடா. அப்புறம் ஏன்டா விட்டுட்டு வந்த?" என்றாள்.

"ஆமாம்மா, என் அளவுதான்" என்றேன்.